எல்லை 2 என்று சரியாக எழுதியும் பாதி மதிப்பெண் ஏன்?

கேள்வி இதுதான். ஒரு தொடர்வரிசையின் முதல் உறுப்பு √2. அதன்பின் வரும் ஒவ்வோர் உறுப்பையும் பெற, முந்தைய உறுப்போடு 2-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எல்லை என்ன? மாணவர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “எல்லையை எ என்க. எ = √(2 + எ). வர்க்கப்படுத்த, எ² − எ − 2 = 0. எ = 2 அல்லது −1. குறை எண் வராது. எனவே எல்லை 2.” விடை சரி, ஆனால் பத்துக்கு ஐந்துதான் கிடைத்தது. சரியான விடைக்கு எதற்கு வெட்டு என்று கேட்கிறார்.

வெட்டியது நியாயம்தான். கோபம் வந்தால், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் குறியீட்டை எளிமையாக்கிக்கொள்வோம். இப்போது கையில் இருக்கும் உறுப்பு அ. அதற்கு அடுத்து வருவது ஆ. எல்லை என்று ஒன்று இருந்தால் அது எ. தேர்வுத்தாளில் உங்கள் பாடநூல் போடும் கீழ்க்குறிகளையே போடுங்கள். இங்கே அதையெல்லாம் அடுக்கினால் விஷயம் குறிகளுக்குள் மறைந்துவிடும். ஆக உங்கள் கணக்கு: ஆ = √(2 + அ), தொடக்கம் √2.

இப்போது வேறொன்று. ஆ = 2அ + 1, தொடக்கம் 1. உங்கள் முறையிலேயே போடுவோம். எ = 2எ + 1, ஆகவே எ = −1. உறுப்புகளை எழுதிப் பாருங்கள்: 1, 3, 7, 15, 31, 63... எல்லாம் மிகை எண்கள், மேலே மேலே ஏறுகின்றன. இதன் எல்லை −1 என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் முறை அதே முறைதான். ஒரு வரிகூட மாறவில்லை. இன்னொன்று: ஆ = 1 − அ, தொடக்கம் 0. சமன்பாடு 1/2 என்று சொல்லும். உறுப்புகளோ 0, 1, 0, 1 என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அரையின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தப்பு நடந்தது முதல் வரியில். ‘எல்லையை எ என்க’ என்று எழுதும்போதே, எல்லை இருக்கிறது என்பதைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை. அதற்குப் பின் வரும் வரிகளில் குறை ஒன்றும் இல்லை. தொடர்வரிசை எ-ஐ நோக்கிக் குவிந்தால், ஓர் உறுப்பு தள்ளித் தொடங்கிப் பார்த்தாலும் அதே இடத்துக்குத்தான் போகும். ஆகவே அ போகும் இடத்துக்கே ஆ-வும் போகிறது. வர்க்கமூலம் தொடர்ச்சியான சார்பு என்பதால் √(2 + அ) என்பது √(2 + எ)-ஐ நெருங்குகிறது. ஆகவே இரண்டும் சமம். வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அது நிறுவியது இவ்வளவுதான்: எல்லை இருந்தால், அது இந்தச் சமன்பாட்டின் தீர்வுகளில் ஒன்று. அந்த ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் மீதி ஐந்து மதிப்பெண்.

அந்தச் சமன்பாடு உண்மையில் கண்டுபிடிப்பது நிலைப்புள்ளிகளை. உள்ளே போட்டால் மாறாமல் அப்படியே வெளியே வரும் எண் நிலைப்புள்ளி. நிலைப்புள்ளி இருப்பது ஒன்று, தொடர்வரிசை அதை நோக்கிப் போவது வேறொன்று.

இனி உங்கள் கணக்கை முழுதாக எழுதுவோம். கால்குலேட்டரில் தட்டினால் 1.41421, 1.84776, 1.96157, 1.99037, 1.99759, 1.99940 என்று வருகிறது. ஏறிக்கொண்டே போகிறது, 2-ஐத் தாண்டவில்லை. இதைப் பார்த்ததும் நினைவுக்கு வரவேண்டிய தேற்றம்: ஏறிக்கொண்டே போகும் தொடர்வரிசைக்கு ஒரு மேல்வரம்பு இருந்தால், அது குவியும். ஆக இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்.

வரம்பு: தொகுத்தறிதல் முறை, அதாவது முதல் உறுப்புக்குச் சரி என்று காட்டிவிட்டு, ஓர் உறுப்புக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டுவது. முதல் உறுப்பு √2, 2-ஐவிடச் சிறியது. அ < 2 என்றால் 2 + அ < 4, ஆகவே ஆ < 2. அவ்வளவுதான்.

ஏற்றம்: ஆ² − அ² = 2 + அ − அ² = (2 − அ)(1 + அ). அ என்பது 0-க்கும் 2-க்கும் இடையில் இருப்பதால் இரண்டு காரணிகளும் மிகை. ஆகவே ஆ > அ.

இதற்குப் பிறகு உங்கள் நான்கு வரிகளையும் அப்படியே எழுதுங்கள். இப்போது அவை செல்லும்.

வரிசை முக்கியம். வரம்பை முதலில் காட்டாமல் ஏற்றத்தைக் காட்டப் போனால், (2 − அ) மிகையா குறையா என்று தெரியாமல் நின்றுவிடுவீர்கள். எந்த எண்ணை வரம்பாக எடுப்பது என்பதும் பலருக்குக் குழப்பம். 3-ஐ எடுத்தாலும் தொகுத்தறிதல் வேலை செய்யும்: அ < 3 என்றால் ஆ < √5, அது 3-ஐவிடச் சிறியதுதான். ஆனால் ஏற்றத்துக்கு அது உதவாது. அங்கே தேவைப்படுவது 2. அந்த 2 எங்கிருந்து வந்தது? உங்கள் எ = √(2 + எ) சமன்பாட்டிலிருந்து. ஆகவே நீங்கள் எழுதியது வீண் இல்லை. அதை முதலில் ஓரத்தாளில் போட வேண்டும். எதை நிறுவ வேண்டும் என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். விடைத்தாளில் அதற்கு இடம் கடைசியில்.

−1-ஐ ஏன் தள்ளினோம் என்பதிலும் ஒரு சின்னத் திருத்தம். ‘குறை எண் வராது’ என்பது சரி. ஆனால் −1 நிலைப்புள்ளியே இல்லை: √(2 − 1) = 1, −1 அல்ல. வர்க்கப்படுத்தும்போது தானாக ஒட்டிக்கொண்டு வந்த எண் அது.

மேலே சொன்ன தேற்றம், ஏறுவதற்கு ஒரு வரம்பு இருந்தால் குவியும் என்பது, பார்த்தால் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்பதுபோல இருக்கும். அப்படி இல்லை. விகிதமுறு எண்கள் மட்டுமே உலகத்தில் இருந்தால் அது பொய்யாகிவிடும்: 1, 1.4, 1.41, 1.414... என்று ஏறும், 2-ஐத் தாண்டாது, ஆனால் போய்ச் சேர இடம் இருக்காது. சூரிச்சில் நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்த ஜெர்மன் கணிதவியலாளர் டெடிகிண்டை உறுத்தியதும் இதே தேற்றம்தான். வகுப்பில் படம் வரைந்து சமாளிக்க வேண்டியிருக்கிறதே என்று யோசித்தவர், 1858 நவம்பரில் அதற்கு ஓர் அடித்தளம் கண்டார், 1872-இல் வெளியிட்டார். மெய்யெண்களை, விகிதமுறு எண்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் ‘வெட்டு’களாகக் கட்டுவது அப்படித்தான் வந்தது. பள்ளியில் இந்தத் தேற்றத்தை நிறுவச் சொல்ல மாட்டார்கள். பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் பாடநூல் வழி. எனக்குப் பிடித்தது வேறு. எல்லை 2 என்று ஓரத்தாளில் தெரிந்துவிட்டது அல்லவா? அப்படியானால் 2-க்கும் உறுப்புக்கும் உள்ள இடைவெளியை நேராகவே கணக்கிட்டால் என்ன?

2 − ஆ = 2 − √(2 + அ). இதை 2 + √(2 + அ) என்பதால் பெருக்கி வகுத்தால், மேலே 4 − 2 − அ, அதாவது 2 − அ வருகிறது:

2 − ஆ = (2 − அ) / (2 + √(2 + அ)).

கீழே இருப்பது எப்போதும் 2-க்குக் குறையாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் இடைவெளி குறைந்தது பாதியாகிறது. பாதியின் பாதியின் பாதி என்று போனால் பூச்சியம்தான். ஏற்றம், மேல்வரம்பு, தேற்றம் எதுவும் வேண்டாம். எல்லை இருக்கிறது என்பதும், அது 2 என்பதும் ஒரே வரியில் வந்துவிட்டன. தொடக்கம் 7 ஆனாலும் இதே வரி போதும்: 7, 3, 2.236... என்று மேலிருந்து இறங்கி வரும்; இடைவெளியின் குறி மட்டும் மாறும். பாடநூல் வழியில் போனால் இறக்கத்துக்குத் தனியாக இன்னொரு முறை எழுத வேண்டியிருக்கும்.

இடைவெளிகளைக் கண்ணால் பாருங்கள்: 0.58579, 0.15224, 0.03843, 0.00963, 0.00241, 0.00060. பாதி அல்ல, ஏறக்குறைய கால்வாசியாகிக்கொண்டே போகிறது. ஏன் என்றால் அ 2-ஐ நெருங்க நெருங்கக் கீழே இருக்கும் 2 + √(2 + அ) என்பது 4-ஐ நெருங்குகிறது. இந்தக் கால் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

(இதே உறுப்புகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரைக்கோண வாய்பாட்டின்படி அவை 2 கொசைன்(பை/4), 2 கொசைன்(பை/8), 2 கொசைன்(பை/16)... கோணம் பூச்சியமாகிறது, கொசைன் 1 ஆகிறது, எல்லை 2. ஒவ்வோர் உறுப்பையும் பாதியாக்கி எல்லாவற்றையும் பெருக்கினால் 2/பை கிடைக்கும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் வியத் 1593-இல் எழுதினார். முடிவில்லாத பெருக்கலால் பையை எழுதிய முதல் வாய்பாடுகளில் அது ஒன்று.)

இடைவெளி வழியின் அருமை நேரியல் கணக்குகளில் இன்னும் நன்றாகத் தெரியும். ஆ = அ/3 + 4, தொடக்கம் 1 என்று வையுங்கள். நிலைப்புள்ளி 6. இரண்டு பக்கமும் 6-ஐக் கழித்தால் ஆ − 6 = (அ − 6)/3. இடைவெளிகள் பொது விகிதம் 1/3 உள்ள பெருக்குத் தொடர்வரிசை. தொடக்க இடைவெளி −5. ஆகவே ந-ஆவது உறுப்பு 6 − 5/3^(ந−1). எல்லை கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. இப்போது முன்னால் சிரித்த கணக்குக்குத் திரும்புங்கள்: ஆ = 2அ + 1. இரண்டு பக்கமும் −1-ஐக் கழித்தால் ஆ + 1 = 2(அ + 1). −1 நிலைப்புள்ளிதான், பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் தன்னிடமிருந்து இரண்டு மடங்கு தள்ளிவிடுகிறது. முதல் உறுப்பு −1 ஆகவே இருந்தால் மட்டும் அங்கேயே நிற்கும். −0.999 என்று தொடங்கினாலும் ஓடிவிடும்.

ஈர்க்கும் நிலைப்புள்ளி, விரட்டும் நிலைப்புள்ளி என்று இரண்டு சாதி உண்டு. சமன்பாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்த தொல்லை, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஊசலாடும் தொடர்வரிசை. ஆ = 1 + 1/அ, தொடக்கம் 1. உறுப்புகள் 1, 2, 3/2, 5/3, 8/5, 13/8... தொகுதியிலும் பகுதியிலும் ஃபிபனாச்சி எண்கள் (ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை). ஓரத்தாளில் எ² = எ + 1; மிகைத் தீர்வு பொன் விகிதம், 1.618... அதை ப என்று குறிப்போம். ‘ஏறும், வரம்பு உண்டு’ என்ற தேற்றத்தை நேராக இங்கே போட முடியாது. ஒற்றைப்படை இடத்து உறுப்புகள் ஏறுகின்றன, இரட்டைப்படை இடத்தவை இறங்குகின்றன என்று தனித்தனியாகக் காட்டி, இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன என்று முடிப்பது ஒரு வழி. ஒரு பக்கம் ஆகும். இடைவெளியைக் கேளுங்கள்: ப = 1 + 1/ப என்பதால்,

ஆ − ப = 1/அ − 1/ப = −(அ − ப)/(அ × ப).

எல்லா உறுப்புகளும் 1-க்குக் குறையாதவை. ஆகவே ஒவ்வொரு படியிலும் இடைவெளியின் மட்டு மதிப்பு (குறியை விட்டுவிட்ட அளவு) குறைந்தபட்சம் 1.618-ஆல் வகுபடுகிறது. முடிந்தது. முன்னால் நிற்கும் கழித்தல் குறிதான் ஊசலுக்குக் காரணம்: ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே. அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களின் விகிதம் பொன் விகிதத்தை நெருங்குவதை 1611-இல் வானியலாளர் கெப்ளர் கவனித்துக் குறித்திருக்கிறார்.

ஊசலாடுவதெல்லாம் குவியுமா என்றால் இல்லை. ஆ = 6/அ, தொடக்கம் 2. நிலைப்புள்ளி √6. உறுப்புகள் 2, 3, 2, 3, 2, 3... இடைவெளியைப் போட்டுப் பார்த்தால் ஆ − √6 = −(√6/அ)(அ − √6). அ = 2 ஆகும்போது இடைவெளி 1.2247 மடங்காக நீள்கிறது; அ = 3 ஆகும்போது 0.8165 மடங்காகச் சுருங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் சரியாக 1. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, நிகரம் பூச்சியம்.

ஆனால் இந்த முரட்டுத் தொடர்வரிசைக்குள்தான் ஒரு புதையல் இருக்கிறது. அ-வும் 6/அ-வும் √6-க்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன, ஒன்று கூட, ஒன்று குறைய. அப்படியென்றால் இரண்டின் சராசரியை எடுத்தால்? ஆ = (அ + 6/அ)/2. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் முதல் நூற்றாண்டில் √720-க்குச் செய்து காட்டியது இதையே. 27-இல் தொடங்கினார். 720-ஐ 27-ஆல் வகுக்க 26 2/3. இரண்டின் சராசரி 26 5/6. அதன் வர்க்கம் 720 1/36. ஒரே படியில் பிழை முப்பத்தாறில் ஒரு பங்கு!

6 இருந்த இடத்தில் 2-ஐப் போட்டு, √2-க்கு 1-இலிருந்து தொடங்கினால் 3/2, 17/12, 577/408, 665857/470832. கடைசி எண் 11 தசம இடங்கள் வரை சரி, நான்கே படிகளில். இதில் 577/408 நமக்கு அறிமுகமான எண். பழைய வடமொழி வடிவியல் நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் √2-க்குச் சொல்லும் 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34) என்பதைச் சுருக்கினால் அச்சாக 577/408 வரும். அதைவிடவும் பழைய, பொ.ஆ.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் √2 அறுபதின் அடிமானத்தில் 1; 24, 51, 10 என்று கீறப்பட்டிருக்கிறது. தசமத்தில் 1.41421296.

ஏன் இவ்வளவு வேகம்? இடைவெளிதான் மறுபடியும் சொல்லும்:

ஆ − √2 = (அ − √2)² / (2அ).

இடைவெளி ஏதோ ஓர் எண்ணால் வகுபடவில்லை, வர்க்கமாகிறது. நூறில் ஒன்று பத்தாயிரத்தில் ஒன்றாகி, அது கோடிகளில் ஒன்றாகும். ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு, நிறையப் பேர் விழுவார்கள். வலப்பக்கம் வர்க்கம் என்பதால் ஆ எப்போதும் √2-க்குக் குறையாது. ஆகவே தொடர்வரிசை இறங்குகிறது என்று எழுதுவார்கள். ஆனால் முதல் உறுப்பு 1. அது √2-ஐவிடக் குறைவு. 1-இலிருந்து 1.5-க்கு ஏறிவிட்டுத்தான் இறக்கம் தொடங்குகிறது. ‘இரண்டாம் உறுப்பிலிருந்து’ என்ற ஒரு சொல் சேர்த்தால் போதும். எல்லைக்கு முதல் உறுப்பு எப்படி இருந்தால் என்ன.

இப்போது நான் இந்தத் தலைப்பில் மிகவும் ரசிக்கும் கணக்கு. √2-இன் அடுக்கில் √2, அதன் அடுக்கில் √2 என்று முடிவில்லாமல் போகும் கோபுரம். தொடர்வரிசையாக: ஆ = (√2)^அ, தொடக்கம் √2. கெட்டிக்கார மாணவர் இதை இப்படித் தலைகீழாகவும் பார்ப்பார்: முழுக் கோபுரத்தின் மதிப்பு 2 என்றால், அடியில் இருக்கும் எண்ணின் வர்க்கம் 2, ஆகவே அடி √2. முழுக் கோபுரத்தின் மதிப்பு 4 என்றால், அடியின் நான்காம் அடுக்கு 4, ஆகவே அடி மறுபடியும் √2. அப்படியானால் ஒரே கோபுரத்தின் மதிப்பு 2-ஆ, 4-ஆ? 2-உம் 4-உம் சமமா?

எ = (√2)^எ என்ற சமன்பாட்டை 2-உம் நிறைவு செய்கிறது, 4-உம் நிறைவு செய்கிறது. இரண்டும் மிகை எண்கள், இரண்டும் நேர்மையான நிலைப்புள்ளிகள். ‘குறை எண் வராது’ என்று ஒன்றைத் தள்ளிவிடும் வசதி இங்கே இல்லை. இங்கேதான் அந்த ஐந்து மதிப்பெண்ணின் அருமை தெரியும். தொகுத்தறிதல்: அ < 2 என்றால் (√2)^அ < (√2)² = 2. தொடக்கம் √2, 2-ஐவிடக் குறைவு. ஆகவே எந்த உறுப்பும் 2-ஐத் தாண்டாது. 4 என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் உறுப்பு இரண்டாவதைவிடச் சிறியது, அடுக்கு கூடினால் மதிப்பு கூடும், ஆகவே தொடர்ந்து ஏற்றம். எல்லை 2. உறுப்புகள் 1.41421, 1.63253, 1.76084, 1.84091, 1.89271, 1.92700 என்று நிதானமாக ஏறுகின்றன.

4 என்ன ஆயிற்று? அது விரட்டும் சாதி. 3.9-இல் தொடங்கினால் அடுத்தது 3.8637, மெல்ல மெல்ல இறங்கி 2-க்கு வந்துவிடும். 4.1-இல் தொடங்கினால் 4.1411; பிறகு கட்டுப்பாடில்லாமல் ஓடிவிடும். முழுக் கோபுரம் 4 என்று எடுத்துக்கொண்ட தலைகீழ் வாதத்தில், அடி √2 என்று வந்ததே தவிர, அந்த அடியில் கட்டிய கோபுரம் 4-க்குப் போகிறது என்று யாரும் காட்டவில்லை. (அடி 1.4446... என்ற அளவைத் தாண்டினால் கோபுரம் எங்குமே நிற்காது என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் அறிந்திருந்தார். √2 அதற்குச் சற்றுக் கீழே இருப்பதால் தப்பித்தது.)

இத்தனை உதாரணங்களிலும் இடைவெளி எத்தனை மடங்காகிறது என்ற எண் வந்துகொண்டே இருந்தது அல்லவா? அதற்கு நீங்கள் முன்பே படித்த பெயர் ஒன்று உண்டு: வகைக்கெழு. நிலைப்புள்ளிக்குப் பக்கத்தில், புதிய இடைவெளி என்பது ஏறக்குறைய வகைக்கெழு × பழைய இடைவெளி. √(2 + அ)-இன் வகைக்கெழு 2-இல் 1/4. நினைவில் வைக்கச் சொன்ன கால் அதுதான். 2அ + 1-க்கு 2, ஆகவே விரட்டுகிறது. 1 + 1/அ-வுக்குப் பொன் விகிதத்தில் −0.382, ஊசலாடிக்கொண்டே குவிகிறது. 6/அ-வுக்கு −1, ஆகவே இரண்டுங்கெட்டான். ஹீரோனின் சராசரிக்கு 0, அதனால்தான் அந்தப் பாய்ச்சல். கோபுரத்துக்கு 2-இல் 0.693, 4-இல் 1.386. மட்டு மதிப்பு 1-க்குள் இருந்தால் ஈர்க்கும், 1-ஐத் தாண்டினால் விரட்டும், 1 ஆகவே இருந்தால் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதை அப்படியே விடைத்தாளில் எழுதி முடித்துவிடாதீர்கள். நிலைப்புள்ளிக்கு மிக அருகில் தொடங்கினால் என்ன ஆகும் என்று மட்டும்தான் வகைக்கெழு சொல்கிறது. உங்கள் தொடக்கம் அந்த ‘மிக அருகில்’ இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஓரத்தாளுக்கு மட்டும் நல்ல துணை. உறுப்புகள் நடமாடும் எண்பரப்பு முழுவதிலும் வகைக்கெழுவின் மட்டு மதிப்பு 1-ஐவிடச் சிறிய ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் இருந்தால் மட்டும், சராசரி மதிப்புத் தேற்றத்தை வைத்து அதையே முழு நிறுவலாக்கலாம். கால்குலேட்டரில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுக் கொசைன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் 0.739085-இல் வந்து நிற்பது இப்படி நிறுவக்கூடியது. ரேடியனில் வைத்து அமுக்குங்கள். டிகிரியில் வைத்தால் 0.99985-க்கு அருகே நின்றுவிட்டு உங்களைக் குழப்பும்.

எ-ஐப் போடும் வித்தை எதுவுமே சொல்லாமல் விட்டுவிடும் இடமும் உண்டு. முதல் உறுப்பு 1. ந-ஆவது உறுப்பு, முந்தையதோடு 1/ந கூட்டியது. ந பெருகப் பெருக 1/ந பூச்சியமாகிறது, ஆகவே எ = எ. எல்லா எண்ணும் பொருந்தும்! அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் பூச்சியமாகிறதே, குவியத்தானே வேண்டும் என்று தோன்றும். குவியாது. 10-ஐத் தாண்ட 12367 உறுப்புகள் ஆகும், ஆனால் தாண்டும். எந்த எண்ணையும் தாண்டும். 1/ந-க்குப் பதில் 1/ந² கூட்டினாலும் அதே எ = எ தான் வரும்; ஆனால் அது பை²/6-க்குக் குவிகிறது. விதியே ந-ஐப் பொறுத்து மாறும் கணக்குகளில் நிலைப்புள்ளிச் சமன்பாட்டை நம்பி இறங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆ = அ + 1/அ, தொடக்கம் 1. உறுப்புகள் 1, 2, 2.5, 2.9... ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஏற்றம் சுருங்கிக்கொண்டே வருகிறது. எங்காவது நிற்குமா? எல்லை இருந்தால், அது 1-க்குக் குறையாது; எ = எ + 1/எ. அதாவது 1/எ = 0. அப்படி ஓர் எண் இல்லை. ஆகவே எல்லை இல்லை. ஏறும் தொடர்வரிசைக்கு எல்லை இல்லையென்றால் மேல்வரம்பும் இல்லை. எந்த எண்ணையும் ஒரு நாள் தாண்டும். எவ்வளவு வேகத்தில் என்று கேட்டால், ஆ² = அ² + 2 + 1/அ² என்பதால் வர்க்கம் ஒவ்வொரு படியிலும் 2-க்கு மேல் கூடுகிறது; நூறாவது உறுப்பின் வர்க்கம் 199-ஐத் தாண்டிவிடும், உறுப்பு 14-ஐத் தாண்டிவிடும். ஆனால் முடிவில்லாமல் பெருகுகிறது என்று காட்ட அந்த வர்க்கம்கூடத் தேவையில்லை. ‘எல்லையை எ என்க’ என்ற, உங்களுக்கு ஐந்து மதிப்பெண் போன அதே வரி இங்கே முழு நிறுவலாகிறது. எல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் முரண்பாட்டில் உடைகிறது. அதை உடைப்பதற்கென்றே எடுத்துக்கொண்டோம்.